ஈயமாகப் போகும் பச்சைக்கல்

என் மாமா குருவிட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் றப்பர் பால் வெட்டினார். பலாங்கொடையில் அவருக்குப் பெண் பேசியிருந்த சமயம், ஓடையில் குளிக்கும்போது ஒரு பச்சைக்கல் அகப்பட்டது. மோதிரத்தில் பதித்துப் பெண்ணுக்குப் போடுவதென்று அன்றே முடிவு செய்தார். அம்மா பெண் வீட்டுக்குப் போன் எடுத்துப் பெருமையும் பேசிவிட்டார்.

இரத்தினபுரியில் கல் சோதிக்கும் முதலாளி ஒரு கருவியைக் கிட்டே பிடித்ததும், அது டிக் டிக்கென்று அலறியதாம். உள்ளே தோரியம் இருக்கிறது, கதிர் வீசுகிறது, விரலில் போட வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டாராம்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த அக்காதான் விளக்கினாள். தோரிய அணுவின் கரு நிலைத்து நிற்க முடியாத அளவு பெரியது. இரண்டு புரோத்தனும் இரண்டு நியூத்திரனும் சேர்ந்த துண்டை அது வெளியே எறிந்துவிடும். புரோத்தன் குறைந்தால் பெயரே மாறி ரேடியமாகிவிடும். அதுவும் நிலைக்காது. சிலவேளை ஒரு நியூத்திரன் இலத்திரனை எறிந்துவிட்டுத் தானே புரோத்தனாகும். இப்படி மாறி மாறிக் கடைசியில் ஈயத்தில் வந்து நிற்கும்.

மாமாவின் காதில் ஈயம் மட்டுமே விழுந்தது.

"கல்யாணத்துக்குள்ள ஈயமாயிருமா?"

"பாதி மாறவே இந்தப் பூமியோட வயசு பத்தாது, மாமா."

அம்மா கல்லை டின்னில் போட்டுக் கோழிக்கூட்டுக்கு அப்பால் வைக்கச் சொன்னார். மாமா தினமும் பல் விளக்கியபடியே போய், பச்சை குறைந்திருக்கிறதா என்று பார்த்து வருவார்.

நாங்கள் பெண் வீட்டுக்குப் போனபோது, பெண்ணின் அப்பா மோதிரக்கல்லைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். தொலைந்துவிட்டது என்று மாமா ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரோ பலகாரத் தட்டை இழுத்து, லட்டுகளையும் மொறுமொறுப்பான கொக்கிஸ்களையும் குவித்து, இதுதான் கரு என்றார். இரண்டு லட்டையும் இரண்டு கொக்கிஸையும் எடுத்து ஓரமாக வைத்தார்.

"இப்ப இது தோரியம் இல்லைங்க, ரேடியம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா தட்டை மெல்லத் தன் பக்கம் நகர்த்தினார். அப்போது கதவோரம் நின்ற பெண் கேட்டாள்:

"வெளிய எடுத்து வச்சீங்களே, அது என்னவாகும்?"

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா வாய் திறப்பதற்குள் அம்மா அவள் தொடையில் கிள்ளிவிட்டார்.

"தெரியலைங்க," என்றார் மாமா.

பெண் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா வந்து, மகளுக்குச் சம்மதம் என்றார்.

அந்தத் துண்டு இரண்டு இலத்திரன்களைப் பிடித்து ஹீலியமாகும், பலூனில் அடைக்கிற வாயு என்று திரும்பும் பஸ்ஸில் அக்கா சொன்னாள். எனக்கு வந்ததே ஆத்திரம். அதை முன்னமே சொல்லிக்கொடுத்திருந்தால் அத்தனை பேர் முன்னால் மாமா தோற்றிருப்பாரா என்று பெல்மதுளை வரும்வரை அவளோடு சண்டை பிடித்தேன். மாமாவோ ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பெண் கேட்ட ஒரே கேள்விக்கும் பதில் தெரியாத மனிதருக்கு என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவே இல்லை.