மட்டாஞ்சேரியில் காத்திருந்த அரக்கன்

கோயம்புத்தூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். அத்தனை தூரமும் ஒரு வீடியோ கேம் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, காலை நீட்டியவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே போனேன். 2004ஆம் ஆண்டு மே மாதம். எதிர் சீட்டுக்காரர், "அது என்னங்க, தையல் மிஷினா?" என்று பாலக்காட்டில் ஒரு தடவையும் திருச்சூரில் ஒரு தடவையும் கேட்டார். இரண்டு தடவையும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

மட்டாஞ்சேரியில் என் அக்கா செல்வியும் மச்சான் மணியும் வீட்டு முன்னறையில் ஒரு வீடியோ கேம் கடை நடத்துகிறார்கள். மச்சான் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய அப்பா மாநகராட்சியில் வேலை பார்த்தவர். கடைக்கு வந்துகொண்டிருந்த இளவட்டங்கள் புதிய மெஷின்களைத் தேடிப் படகேறி எர்ணாகுளத்துக்குப் போய்விட்டார்கள். இப்படியே போனால் கடையை மூடிவிட்டு, ஏலூர் ரசாயன ஆலையில் ஒப்பந்தக் கூலியாக மச்சான் சேர வேண்டியதுதான் என்று அக்கா போனில் அழுதாள். அதனால்தான் புதிய மெஷினோடு நான் புறப்பட்டேன். ஒரே நிபந்தனை, கடையில் ஓடும் பழைய மெஷினை மாற்றாகக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை என் பைக் தன்னிடமே இருக்கட்டும் என்று மெஷினை விற்ற காந்திபுரத்து வியாபாரி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

காலை பத்தரைக்கு எர்ணாகுளம். ஸ்டேஷனிலிருந்து படகுத்துறைக்கு ஆட்டோ பதினைந்து ரூபாய், மட்டாஞ்சேரிக்குப் படகு இரண்டரை ரூபாய். காயலில் அரை மணி நேரம் போனதும் இஞ்சியும் மிளகும் மூக்கில் ஏறின. பஜார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பெட்டியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு நடந்து, கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைந்தேன்.

பதினொன்றரைக்குக் கடை வாசலில் நின்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அறையில் இரண்டு டிவி. ஒன்று சும்மா கிடந்தது. அதன் மெஷின் போன மழையில் செத்துப்போனது. மற்றதன் முன்னால் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"வா மாப்ளே. இப்போ மிண்டாதே" என்றார் மச்சான், உதட்டில் விரலை வைத்து. "கடைசி அரக்கன் வந்நாச்சு."

அது ஜப்பான்காரர்களின் பழைய பாணிக் கதை விளையாட்டு. நாலு வீரர்கள் ஊர் ஊராக நடப்பார்கள். பத்தடி வைத்தால் ஒரு பூதம் குறுக்கே வரும். சண்டை என்றால் முறை வைத்துத்தான். இவன் அடித்தால் அவன் நிற்பான், அவன் அடித்தால் இவன் நிற்பான். நாம் கட்டளை கொடுக்கும்வரை அரக்கனும் அசைய மாட்டான். இந்த மரியாதையெல்லாம் கடைசியாக வந்திருக்கும் பாகத்தில் இல்லை. பெயர் அதேதான், தொடக்க இசையும் அதேதான், ஆனால் எல்லோரும் ஓடிக்கொண்டே அடிக்கிறார்கள். காத்திருப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று ஒரு கட்சி, காத்திருந்து காத்திருந்தே செத்தோம் என்று ஒரு கட்சி, ஜப்பானிலேயே இதற்காக அடித்துக்கொள்கிறார்களாம். நான் இரண்டாவது கட்சி. அன்று மதியத்துக்குப் பிறகு அந்தக் கட்சியின் தலைவராகவே ஆகியிருப்பேன்.

ஏனென்றால் மச்சானின் கடையில் வேறொரு சட்டம் இருந்தது. நாலு வீரர்களுக்கும் நாலு சொந்தக்காரர்கள். வாள்காரன் மச்சானுடையவன். மந்திரவாதி பக்கத்து வீட்டுப் பன்னீருடையவன். ஈட்டிக்காரன், மிளகுக் கிடங்கில் மூட்டை இறக்கும் நௌஷாத்துடையவன். மருந்து கொடுக்கும் வைத்தியக்காரி என் அக்காவுடையவள். அவரவர் முறை வரும்போது ஜாய்ஸ்டிக் கைமாறும். ஒருவருடைய ஆளை இன்னொருவர் தொடக் கூடாது. ஜப்பான் எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், மூன்றாவது வரி மருந்து, நாலாவது வரி ஓட்டம் என்று இடத்தை வைத்தே ஒரு வருஷமாக இப்படி ஆடுகிறார்கள்.

"அக்கா, மெஷினைக் கழட்டணும். எனக்கு அஞ்சு மணிக்கு ரயில்" என்று அவள் காதோரம் குனிந்து சொன்னேன்.

"இருடா கண்ணு. இவனைக் கொன்னுட்டு எடுத்துட்டுப் போ" என்று அவளும் முணுமுணுத்தாள், கண்ணை டிவியிலிருந்து எடுக்காமல்.

பன்னிரண்டேகாலுக்கு அரக்கன் பாதி செத்திருந்தான். ஈட்டிக்காரனின் முறை. அப்போது வாசலில் ஒருவர் வந்து, "நௌஷாதே, லோடு வந்நு!" என்று குரல் கொடுத்தார். நௌஷாத் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

"சரி, நான் அழுத்துறேன்" என்று குனிந்தேன்.

"தொடாதே!" என்று மூன்று பேரும் சேர்ந்து கத்தினார்கள்.

"எத்தனை மணிக்கு வருவான்?"

"லோடு தீரட்டே" என்றார் பன்னீர், வெகு நிதானமாக. அக்கா அரிசி களையப் போனாள். மச்சான் எனக்குச் சாயா கொண்டுவந்தார். உலகத்தையே அழிக்க வந்த அரக்கன், ஒரு மிளகு லாரி காலியாவதற்காக டிவியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம்தான் அந்த மூஞ்சியையே பார்ப்பது?

ஒரு மணிக்குப் பொறுமை போய், புதிய மெஷினைப் பிரித்துச் சும்மா கிடந்த டிவியில் மாட்டினேன். பழைய ஜப்பான் சிடியை இது சீந்தாது, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டேன். பிறகு கையோடு கொண்டுவந்திருந்த புதிய பாகத்தைப் போட்டேன். கடல் வந்தது, அலை வந்தது, ஒரே ஒரு வீரன் தலைமுடி பறக்க வந்து நின்றான். வாசலில் சைக்கிளில் போன மூன்று பேர் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"பாத்தீங்களா மச்சான்? இதைத்தான் சொன்னேன்."

"அடிபொளி" என்றார் மச்சான். ஆசையாகவே ஜாய்ஸ்டிக்கை வாங்கினார். ஓநாய் ஒன்று பாய்ந்தது. மச்சான் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, பழக்கம் மாறாமல், ஜாய்ஸ்டிக்கைப் பன்னீரிடம் நீட்டினார். பன்னீர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்குவதற்குள் ஓநாய் நாலு கடி கடித்தது. பன்னீர் ஒன்று அழுத்திவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பி, "செல்வி, உன் முறை" என்றார். அவள் ஈரக் கையோடு வருவதற்குள் வீரன் மல்லாந்துவிட்டான்.

"கைமாத்தாதீங்க! ஒருத்தரே ஆடணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டேன். மறுபடியும் போட்டேன். மறுபடியும் கைமாற்றினார்கள். ஐந்து தடவை செத்தான். வாசலில் நின்ற மூன்று பேரும் சிரித்தார்கள், அதோடு, "சேட்டா, அரை மணிக்கு எவ்வளவு?" என்றும் கேட்டார்கள். மச்சான் முகத்தில் வெகுநாள் கழித்து ஒரு கடைக்காரர் தெரிந்தார்.

மூன்று பேரும் உட்கார்ந்து ஆடத் தொடங்க, அக்கா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். தட்டில் மத்தி மீனை வைத்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமாகி வந்த புதுசுல இந்த ஊர்ப் பேச்சு ஒண்ணும் புரியலடா. ஆளுங்க வந்தா உள்ள போய் உக்காந்துக்குவேன். 'சேச்சி, மருந்நு தா'ன்னு நௌஷாத் கத்துனதுதான் எனக்குப் புரிஞ்ச மொத மலையாளம். அப்புறந்தான் வெளிய வந்து உக்காந்தேன்."

"அதுக்காகக் கடையை மூடிடலாமாக்கா?"

"நான் அப்படிச் சொன்னனா? சொன்ன வாக்குல நிப்பேன். முடிச்சுட்டுத் தர்றேன்."

கோபப்படக்கூட வழியில்லாமல் மீனை முள்ளெடுத்துத் தின்றேன்.

இரண்டரைக்கு நௌஷாத் வந்தான், தலையெல்லாம் மிளகுத் தூசி. வந்ததும் தும்மினான், உட்கார்ந்தான், ஈட்டியால் குத்தினான். அதற்குப் பிறகு நடந்த கூத்து எனக்கே தாங்கவில்லை. வாள்காரன் விழுந்தான். அக்கா அவனை எழுப்புவதா, மந்திரவாதிக்கு மருந்து கொடுப்பதா என்று மூன்று ஆண்களும் மூன்று விதமாகக் கத்தினார்கள். அவள் கன்னத்தில் விரலை வைத்து முழுசாக யோசித்தாள். அரக்கனும் காத்திருந்தான். "புருஷன் கிடக்கட்டும்" என்று சொல்லி மந்திரவாதிக்குக் கொடுத்தாள். பன்னீர் இடியை இறக்கினார். அரக்கன் வெள்ளையாக உடைந்து போனான். நானும் எழுந்து நின்று கத்திவிட்டேன், அது வேறு எரிச்சல்.

மூன்று மணி. திரையில் ஜப்பான் எழுத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே நௌஷாத்தை மறுபடியும் கிடங்குக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டான். கடைசிப் பெயர் ஏறியதும் அக்காவே வயர்களைப் பிடுங்கினாள். மெஷினை ஈரத்துணியால் துடைத்து, துண்டில் சுற்றி, என் கையில் கொடுத்தாள். பக்கத்து டிவியில் அந்த மூன்று பேரும் அடுத்த அரை மணிக்கும் காசு கொடுத்தார்கள். மச்சான் ஏலூருக்குப் போக வேண்டியதில்லை. வந்த காரியம் முடிந்தது.

பஜார் ரோட்டில் படகுத்துறைக்குப் போகும் வழியில், லாரியின் பின்னால் நௌஷாத் நின்றிருந்தான். முதுகில் மூட்டை.

"கோயம்புத்தூர்க்காரே! போறியா? மணிச்சேட்டன்கிட்ட சொல்லு, நாளைக்கு மூணு மணிக்கு நான் வரும். முதல்லேர்ந்து தொடங்கணும். இந்த வாட்டி எனக்கு மந்திரவாதி."

ஒருவரும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். "மெஷின் இந்தப் பையில இருக்கு நௌஷாத். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோறேன். கடைக்குப் புதுசு வந்திருக்கு."

மூட்டையை இறக்காமலே பையைப் பார்த்தான்.

"பக்கத்து டிவியில பாத்தேன். நல்ல கேம்" என்றான். மூட்டையை முதுகில் சரிசெய்துகொண்டு கேட்டான்: "அதுல சேச்சிக்கு எந்த ஆளு?"

"ஒரே ஆள்தான் அதுல" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கிடங்குக்குள் போனான். படகில் இடம் கிடைத்தது, ஐந்து மணி ரயிலும் கிடைத்தது. கோயம்புத்தூரில் வியாபாரி பைக் சாவியைக் கொடுத்தார், வீட்டுக்கு வந்து என் சொந்த மெஷினில் புதிய பாகத்தை நானும் போட்டு ஆடினேன். அருமையான விளையாட்டு, இப்போதும் நான் அந்தக் கட்சிதான். ஆனால் கடைசி அரக்கனைக் கொன்றபோது திரும்பிப் பார்த்தேன், அறையில் யாரும் இல்லை.