சோப்பில் கழுவிய புனல்

என் சித்திக்கு ஐந்து பிள்ளைகள். அதில் நாலாவது பெண்ணைக் கண்ணாடிக்காரி என்றால்தான் எங்கள் சொந்தத்தில் தெரியும். அவள் மூக்கில் ஒருநாளும் கண்ணாடி ஏறியதில்லை. கல்லூரி வேதியியல் கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற வேலை, அதனால் வந்த பேர். வைத்தவள் அவளுடைய மூத்த நாத்தனார். அந்த அம்மாள் வைத்த பேர் யாரையும் லேசில் விட்டதில்லை. என் தம்பி இன்றைக்கும் பேரன் பேத்தி எடுத்த பிறகும் மூக்கொழுகிதான்.

வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியும் அவள் தற்காலிகம்தான். வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர், முதுகு போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் நிரந்தரமாக்கும் பட்டியலில் இவள் பேரும் ஏறியது. துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தக் கூடத்தில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இரண்டு திரவங்கள், ஒன்று பாதாம் வாசனை, இன்னொன்று மூக்கைப் பிடுங்கும். இரண்டையும் சாராயத்தில் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் மஞ்சளாகப் படியும். அதற்கு இமைன் என்று பேராம். நண்டு மாதிரி அது, உலோகத்தைக் கொடுத்தால் கொடுக்கால் கவ்விக்கொள்ளும் என்று இவள் எங்களுக்குச் சொல்வாள். செம்பைக் கவ்வினால் கரும்பச்சை. நிக்கலைக் கவ்வினால் செங்கல் சிவப்பு. துத்தநாகத்தைக் கவ்வினால் பழைய மஞ்சளே கொஞ்சம் வெளுத்து நிற்கும். இதைக் கேட்ட நாத்தனார், நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தான், கட்டிக்கொண்டவனைப் பொறுத்துத்தான் முகத்தில் நிறம் என்றாளாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் புருஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாராம்.

ஆராய்ச்சிப் பெண் துத்தநாகத்தில் வேலை செய்தாள். ஒருநாள் அவளுடைய மஞ்சளுக்கு நடுவே நாலைந்து சிவப்பு ஊசிகள் வளர்ந்திருந்தன. துத்தநாகத்தில் சிவப்பை யாரும் பார்த்ததில்லையாம். தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார், கட்டுரையும் எழுதத் தொடங்கினார். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க அந்த ஊசிகள் போதாது, ஒரு சிட்டிகையாவது வேண்டும். அவள் மறுபடி செய்தாள். வரவில்லை. ஏழு தடவை செய்தும் வெறும் மஞ்சள்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போக ஆரம்பித்தாள்.

கண்ணாடிக்காரிக்குக் கழுவு தொட்டியடியில்தான் விஷயம் பிடிபட்டது. வடிகட்டுகிற புனலில் ஒரு வகை உண்டு, அடியில் பொடித் துளையுள்ள கண்ணாடி வட்டு வைத்து ஒட்டியிருக்கும். துளைக்குள் போன உலோகம் சோப்புக்கு அசையாது. அமிலம் ஊற்றி ஊறப்போட வேண்டும். முன்னே ஒரு வாரம் அமிலம் தீர்ந்துபோய்க் கடையிலிருந்து வரவில்லை. அந்த வாரம் சோப்பும் வெந்நீரும் போட்டே கழுவி அடுக்கினாள். பக்கத்து மேசைக்காரன் நிக்கலில் வேலை செய்கிறவன். அவன் புனல் ஆராய்ச்சிப் பெண் கைக்குப் போயிருக்கிறது. சூடான சாராயம் ஊற்றியதும் துளைக்குள் கிடந்த சிவப்பு கரைந்து இறங்கி, ஆறினதும் ஊசியாக நின்றிருக்கிறது. அமிலம் வந்தது, சிவப்பு வருவது நின்றுபோனது.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். அவர் படுத்தபடியே யோசித்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தடவை சோப்புலயே கழுவிக் குடுத்துடேன். அந்தப் பொண்ணுக்குச் சிவப்பு வரும், பெரியவருக்குச் சந்தோஷம் வரும், உனக்குக் கையெழுத்து வரும். யாருக்கு என்ன நஷ்டம்?"

மறுநாள் காலையில் நிக்கல்காரனுடைய புனலை எடுத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, துத்தநாக மேசைத் தட்டில் வைத்தும் விட்டாள். பளபளவென்று வெள்ளையாக இருந்ததாம். இவ்வளவையும் ஒளிக்காமல் என்னிடம் சொன்னவள் அவளேதான்.

ஆராய்ச்சிப் பெண் வந்து அடுப்பில் குடுவையை ஏற்றினாள். கொதி வந்ததும் புனலுக்குக் கை நீட்டினாள். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"அது வேண்டாம்மா," என்று இவள் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

"ஏங்க்கா, விரிசலா?"

"விரிசல் இல்ல. உள்ள நிக்கல் இருக்கு. அன்னைக்கு வந்த சிவப்பும் இதுலேருந்துதான். நான் ஆசிட் போடாம கழுவினேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். "இது எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?"

"நேத்திலேருந்து. இன்னைக்குத் தெரிஞ்சேதான் வெச்சேன்."

அந்தக் கடைசி வார்த்தையை விழுங்கியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. அவள் விழுங்கவில்லை.

அன்று மத்தியானமே தலைவர் முன்னால் இரண்டு புனலிலும் வடித்தார்கள். சோப்புப் புனலுக்குக் கீழே மறுநாள் சிவப்பு ஊசி நின்றது, அமிலப் புனலுக்குக் கீழே மஞ்சள் மட்டும். தலைவர் கட்டுரைக் காகிதங்களை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். சத்தம் போடவில்லை. பட்டியலில் இவள் பேருக்கு நேரே மட்டும் "அடுத்த ஆண்டு" என்று எழுதினார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஊரெல்லாம் சொல்லிவிட்ட வாய்.

ஆராய்ச்சிப் பெண் பத்து நாள் இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் கழுவு தொட்டிக்கு வந்து நின்றாள்.

"ஆராய்ச்சி முடிய இன்னும் ஆறு மாசம் கூட ஆகும்க்கா எனக்கு. உங்க மேல கோவம் போகல."

"இருக்கட்டும்மா."

"ஆனா நீங்க குடுத்திருந்தா நான் நம்பியிருப்பேன். அதை வெச்சு இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருப்பேன்." சொல்லிவிட்டுத் தன் குடுவையைத் தானே அலசினாள்.

நிரந்தரம் அடுத்த வருஷமும் வரவில்லை, அதற்கடுத்த வருஷம்தான் வந்தது. அந்த இரண்டு வருஷமும் புருஷன், சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் அந்தக் கையெழுத்தை இழுப்பார். அவள் ஒரே பதிலைத்தான் சொல்வாள்: "அந்தப் பொண்ணு கை நடுங்கினதை நீங்க பாக்கலை."