அப்பாவும் மகளும் பீர் நிரப்பிய ஞாயிற்றுக்கிழமை

என் மகள் தனக்குப் பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டபோது அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கத்தவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து நான்தான் இருவருக்கும் நடுவில். பெங்களூரிலிருந்து போன் செய்தால், அப்பா பிரஷர் மாத்திரை போடுகிறாரா என்று என்னிடம் கேட்பாள். அவர் நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, போன் ஏதாவது வந்ததா என்பார். யாருடைய போன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதைக் கொஞ்சம் இனிப்பாக்கி அவளிடமும், அவள் சொன்னதைக் கொஞ்சம் பணிவாக்கி அவரிடமும் சேர்ப்பேன். அலுப்புதான். ஆனாலும் இரண்டு பேருக்கும் நான் இல்லாமல் ஆகாது என்பதில் எனக்கொரு பெருமை இருந்தது.

இந்தப் பொங்கலுக்கு வந்தவள் சமையலறையில் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளும் மாப்பிள்ளையும் வீட்டிலேயே பீர் போடுகிறார்களாம். ட்ரம்மிலிருந்து பாட்டிலில் ஊற்றும்போது அடியில் இருக்கிற வண்டலெல்லாம் கலங்கி வந்துவிடுகிறது என்றாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர், மைன்ஸில் பம்ப் வேலையிலேயே தலை நரைத்தவர், பேப்பரை இறக்காமல் சொன்னார்.

"சாய்ச்சு ஊத்தினா கலங்கத்தான் செய்யும். ட்ரம்ம உயரத்துல வச்சு டியூப்ல இறக்கணும்."

அவள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "எவ்வளவு உயரத்துலப்பா?" என்றாள்.

அவ்வளவுதான். நான் இத்தனை நாள் பாடுபட்டும் நடக்காதது நடந்துவிட்டது. சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் அடுத்த மாதம் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னறைக்கு ஒரு நீல ட்ரம் வந்து சேரும்வரை இருந்தது. இவரும் பீர் போடப் போகிறாராம்.

அதன்பிறகு போன் அவருக்குத்தான் வந்தது. குமிழி வருகிறதா, வாசனை எப்படி என்று அவள் கேட்க, இவர் ட்ரம்மில் காதை வைத்துக் கேட்டுச் சொல்வார். பார்லி வேகவைக்க என் பெரிய அண்டா போயிற்று. பக்கத்து வீட்டம்மா என்ன புளித்த வாசனை என்று கேட்டபோது, மாவு பொங்கிவிட்டது என்று சொல்ல வேண்டியவள் நான். அம்மா எப்படி இருக்கா என்று அவள் அவரிடம் கேட்பது என் காதில் விழும். அவர், "இருக்கா, இருக்கா" என்பார்.

பாட்டிலில் நிரப்புவதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வெளிறியிருந்தது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். காயலான் கடையில் வாங்கிய பாட்டில்களை வெந்நீரில் அலசி வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார். ட்ரம்மை மேஜைமேல் ஏற்றினார். அவள் கீழே உட்கார்ந்து டியூப்பைப் பாட்டிலின் அடிவரைக்கும் விட்டுப் பிடித்தாள். பீர் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் அவள் தலையசைப்பாள், அவர் டியூப்பை மடக்குவார். எனக்கு அவரோடு அப்படித் தலையசைத்துப் புரிந்துகொள்கிற வேலை எதுவும் வாய்த்ததில்லை. நான் பாட்டிலுக்குக் கொஞ்சமாகச் சர்க்கரைப் பாகு விட்டு எடுத்துக் கொடுத்தேன். நுரை வருவதற்காம். ஒரு பாட்டிலில் ஒரு சொட்டு கூடிவிட்டது என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

பாதி முடிந்ததும் அவர் டம்ளரில் கொஞ்சம் பிடித்துக் குடித்துப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். நீ பார் என்று நான் டம்ளரை அவள் பக்கம் நீட்டினேன். அவர் சட்டென்று அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"அவளுக்கு வேண்டாம்."

அவர் குரலில் அந்த அவசரத்தைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அவளைப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். இப்போதுதான், இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றாள். அப்பாவிடம் முதலில் சொன்னது வேண்டுமென்று இல்லையாம். போன வாரம் அவர் போனில் ட்ரம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு வாந்தி வந்துவிட்டதாம், என்ன என்று விடாமல் கேட்டாராம்.

"உன்கிட்ட நேர்ல சொல்லணும்னுதான்மா வந்தேன்."

பெற்ற மகள் உண்டானதைத் தகப்பனிடமிருந்து தெரிந்துகொண்ட தாய் இந்த டவுன்ஷிப்பில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கட்டிப்பிடித்தேன், அழுதேன். அழுதது முழுக்கச் சந்தோஷத்தில் இல்லை. ஒரு வாரம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதை வயிற்றுக்குள் வைத்திருந்த மனுஷனை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. எழுந்து போய் மூடி அடிக்கிற மெஷினைப் பிடுங்கிக்கொண்டேன். மீதிப் பாட்டில் எல்லாவற்றுக்கும் நானே மூடி அடித்தேன். இரண்டு பேரும் தடுக்கவில்லை.

மறுநாள் ஊர் போய்ச் சேர்ந்ததும் என் போனில்தான் கூப்பிட்டாள். பாட்டிலை இருட்டான இடத்தில் வைத்தாரா என்று அப்பாவிடம் கேட்க வேண்டும், கொடு என்றாள். அவர் பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டாள், தங்கியதா, எந்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குக் கேட்க இன்னும் நிறைய இருந்தது. அவர் நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.