தேசிக்காய்ப் புளி என்று நினைத்த ஒயில்

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். நெஞ்சு இன்னும் கொதிக்கிறது!

எங்கள் பழைய கொம்பி வானை சேர்விஸ் செய்து எடுத்ததும், வழக்கம்போல சில்லுகளுக்கடியில் தேசிக்காய், அதாவது எலுமிச்சம்பழம், வைத்து நசித்தோம். பின்சில்லடியில் ஈரம் தெரிந்தது. தேசிக்காய்ப் புளி, அந்தச் சாறுதானே என்று நினைத்து, முள்ளியவளைக் கோயில் பொங்கலுக்குக் குடும்பமாக ஏறிவிட்டோம். பாதி வழியில் எஞ்சினிலிருந்து புகை! ஒயில் ஒழுகிச் சூட்டில் பட்டிருக்கிறது. வானை ஓட்டிய மருமகன் உடனே நிறுத்தியதால் தீப்பிடிக்காமல் தப்பினோம்.

சேர்விஸ் செய்த மெக்கானிக்கை அங்கேயே கூப்பிட்டோம்.

"பழைய வான் எண்டா ஒழுகும்தானே அம்மா" என்றான்.

"முதல்ல கழட்டிப் பார் தம்பி, பிறகு வானைக் குறை சொல்லு."

கழற்றினால், பழைய ஒயில் பில்டரின் றப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக் கிடக்கிறது. அதன்மேல் புதியதைப் பூட்டியிருக்கிறான்! இரண்டு வளையம் இருந்தால் பில்டர் இறுகாது, ஒயில் ஒழுகத்தானே செய்யும்.

"இது வான்ர பிழையோ, உன்ர பிழையோ?" என்றேன். வளையத்தை எடுத்துவிட்டுப் பூட்டினான், ஒழுக்கு நின்றது.

இப்போதெல்லாம் சேர்விஸ் முடிந்ததும், கழற்றிய பழைய வளையத்தை என் கையில் தந்தால்தான் வானை எடுக்க விடுவேன்.