அம்மை போடாத பிள்ளைகள்

தந்தி நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டது. எனக்குச் சொன்னது சாயங்காலம், விடைத்தாள்களைக் கட்டி அரக்கு வைத்த பிறகு. "பரீட்சை நேரமுங்க டீச்சர். நீங்க அழுதா பிள்ளைங்க மனசு கலைஞ்சு போயிருமுன்னுதான் சொல்லலீங்க" என்றார் தலைமையாசிரியர். தெய்வானை டீச்சர் சின்னக்கானலில் மாரடைப்பில் போய்விட்டார் என்கிற செய்தி, ஒரு பகல் முழுவதும் அவருடைய சட்டைப் பையில் மூக்குப்பொடி டப்பாவோடு கிடந்திருக்கிறது. காலையில் சொல்லியிருந்தால் பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்து, போடி போய், எப்படியாவது மெட்டு மலைப்பாதை ஏறி முகத்தைப் பார்த்திருப்பேன். இன்று விடிந்ததுமே எடுத்துவிட்டார்களாம். இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆறவும் வேண்டாம்.

நேற்றுச் சாயங்காலமே பள்ளியில் ஐந்து நிமிடம் இரங்கல் கூட்டம் நடந்தது. சக ஆசிரியர்களே, உங்களில் பலர் அங்கே நின்றிருந்தீர்கள். "நம்ம பள்ளிக்கூடம் நூறு சதவீதம் வாங்கறதுக்குப் பாடுபட்ட டீச்சர்" என்று தலைமையாசிரியர் பேசினார். வாயைத் திறந்தால் அது இரங்கல் கூட்டமாக இருக்காது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கே விழுங்கியதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன். புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு நடந்தது எதுவும் தெரியாது, அவர்களாவது தெரிந்துகொள்ளட்டும்.

கேரளத்துக்குள் இருக்கும் எங்கள் உபஜில்லாவில், அதாவது கல்வி வட்டத்தில், நாலாம் வகுப்புக்கு ஒரு பொதுப் பரீட்சை உண்டு. எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். அதிக சதவீதம் வாங்கும் பள்ளிக்குக் கேடயம். சதவீதத்தைப் பரீட்சை எழுதியவர்களை வைத்துத்தான் போடுவார்கள். வராத பிள்ளை கணக்கில் சேராது. எங்கள் தலைமையாசிரியர் பிடித்துக்கொண்டது இந்த ஓட்டையை. படிப்பு மட்டான பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்பே, "ஒரு வாரம் லீவு, வராதே" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆஜர் பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே 'அம்மை' என்று எழுதிவிடுவார். அம்மை கண்ட வீட்டுக்கு எந்த அதிகாரியும் விசாரிக்கப் போகமாட்டார் அல்லவா? கேட்டால், "தமிழ்ப் பள்ளின்னா இளப்பமாப் பாக்கறாங்க டீச்சர், கேடயம் இருந்தாத்தான் மதிப்பு" என்பார். மதிப்பு பள்ளிக்கு. பரீட்சை எழுதாத பிள்ளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வேண்டும். இரண்டு வருஷம் உட்கார்ந்த பிள்ளை மூன்றாவது வருஷம் மாடு மேய்க்கப் போய்விடும்.

தெய்வானை டீச்சர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இந்த வித்தையெல்லாம் அறியாதவர். மாராத்தாள் என்ற பிள்ளைக்கு அம்மை என்று பட்டியலில் பார்த்ததும், "பாவமுங்கக்கா, உடம்பெல்லாம் எரியுமே" என்று இரண்டு இளநீரை வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் வேப்பிலை இல்லை. பிள்ளை கடலைக்காட்டில் தாயோடு குனிந்து செடி பிடுங்கிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் குதித்து ஓடிவந்தாள். தாய் பொன்னாத்தாள் கையில் மண்ணோடு நிமிர்ந்தாள்.

"அம்மையா? என்ற புள்ளைக்கா? ஏனுங்க டீச்சர், ஆத்தா பேரைத்தானுங்க புள்ளைக்கே வச்சிருக்கறோம். வராத ஆத்தாளை வந்துட்டான்னு எழுதியிருக்கறாங்களே, நாளைக்கு நெசமாலுமே வந்தா ஆருங்க பதில் சொல்றது?"

தெய்வானை அரிவாளைக் கேட்டு வாங்கினார். இளநீரை வெட்டித் தாய்க்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அந்தப் புள்ளை தோத்தாத் தோத்துட்டுப் போகட்டுமுங்கக்கா. தோக்கறதுக்குக்கூட உள்ள விடமாட்டேன்னா என்னங்க நாயம்?"

அடுத்த வருஷப் பரீட்சைக்கு முந்தின வாரம் நானும் அவரும் வீடு வீடாக ஏறினோம். பரீட்சை அன்று காலை, 'அம்மை' கண்ட பிள்ளைகள் அத்தனை பேரும் தலைக்கு எண்ணெய் வைத்து, நெற்றியில் திருநீறோடு, தாய்மார் கையைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த உபஜில்லா அதிகாரி பட்டியலைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். "இவர்க்கு சுகக்கேடல்லே, மாஷே?" என்று, இவர்களுக்கு உடம்பு சரியில்லைதானே என, தலைமையாசிரியரை மலையாளத்தில் கேட்டார். பொன்னாத்தாள் முன்னால் வந்து மகளின் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"எங்க இருக்குதுங்க அம்மை முத்து? நல்லாப் பாத்துச் சொல்லுங்க சாமி. இல்லீன்னா புள்ளைய எழுத உடுங்க."

அதிகாரி எழுத விட்டார். மாராத்தாள் தேறினாள், இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறாள். அவளோடு எழுதியவர்களில் பாதிப் பேர் தேறினார்கள், பாதிப் பேர் தோற்றார்கள். கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. பொய் எழுதியவரை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பள்ளியின் தரத்தைக் குலைத்தார் என்று தெய்வானை டீச்சருக்குத்தான் மாற்றல் உத்தரவு வந்தது, எங்கள் நிர்வாகத்துக்கு மலைமேல் இருந்த சின்னக்கானல் தோட்டப் பள்ளிக்கு. தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்பார்கள். இவரை அனுப்பியது தண்ணீரும் குளிரும் தவிர வேறொன்றும் இல்லாத காட்டுக்கு. என்னை மட்டும் ஏன் விட்டார்கள் என்று கேட்பீர்கள். என் நாக்குக்குப் பயந்துதான்; மலையில் விட்டால் அங்கிருந்து கத்தினாலும் இங்கே கேட்கும் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு கோடை விடுமுறையில் போய்ப் பார்த்தேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு அக்கா ஒருத்தி காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பரீட்சையன்னிக்கு இந்த லயத்துல ஒரு பிள்ளை படுத்துக் கெடக்க முடியாதும்மா. காய்ச்சல்னு சொன்னா உள்ள வந்து தொட்டுப் பாத்துட்டுத்தான் டீச்சர் நகருவாக." தெய்வானை சிரித்தார். அவர் பள்ளி அந்த வருஷமும் கடைசி. மறைக்காமல் அவரே சொன்னார்: "கடைசிதானுங்கக்கா. ஆனா ஒருத்தர் பாக்கியில்லாம எழுதி வந்த கடைசி." ஏறி இறங்கும்போது மூச்சு வாங்கியது அவருக்கு. டாக்டரிடம் காட்டு என்றேன். அடுத்த வருஷப் பரீட்சை முடியட்டும் என்றார். அவரைக் கொன்றது அந்த மலையேற்றம் என்று நான் சொல்வேன். யார் மறுத்தாலும் சொல்வேன்.

இப்படிப்பட்டவரைத்தான் நூறு சதவீதத்துக்குப் பாடுபட்டவர் என்று பேசி, கைக்குட்டையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது மலைக்கு அனுப்பினார்கள். செத்த பிறகு தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்கிறார்கள். அதற்கு நான் விடமாட்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை, தந்தி ஒருவர் பையில் கிடந்த அதே நேரத்தில், நாலாம் வகுப்பில் நான்கு இடங்கள் காலியாக இருந்தன. இப்போதெல்லாம் அம்மை என்று எழுதுவதில்லை. பொன்னாத்தாள் போட்ட சத்தத்துக்குப் பிறகு ஆத்தா பெயரைத் தொடப் பயம். 'காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை.

தெய்வானையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கும் இளநீர் நல்லதுதான். நான்கு காய் பறித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை, நானே கொண்டு போகிறேன்.