பட்டாணிப் பானையும் கோபன்ஹேகன் முற்றுகையும்

முற்றுகை நீங்கிய நாளின் நன்றி வழிபாட்டில், நகரசபை எழுதிக் கொடுத்ததை ஆண்டுதோறும் பாதிரியார் வாசிப்பார்: “குண்டுமழையிலும் தம் இடத்தைவிட்டு இம்மியும் அசையாத நெதர்லாந்து மாவீரர், பசித்த நம் நகருக்கு உணவுடன் முதலில் கரையிறங்கிய லுப்பெர்ட் யாப்ஸ்!” எல்லோரும் மாவீரரைத் தேடிக் கழுத்தைத் திருப்புவார்கள். பார்வை என்னைத் தாண்டிப் போய், வேறு யாரும் இல்லை என்று தெரிந்து, மனமில்லாமல் திரும்பி வரும்.

“நிமிந்து உக்காருய்யா, உன்னத்தான் சொல்றாங்க” என்று என் மனைவி சீட்செல் முழங்கையால் இடிப்பாள்.

‘மஞ்சள் நாரை’ என்ற போர்க்கப்பலில் நான் சமையல்காரன். சமைக்கத் தெரியும் என்பதால் அல்ல. பாய்மரம் ஏறினால் தலை சுற்றும், பீரங்கி வெடித்தால் கண்ணை மூடிக்கொள்வேன்; மிச்சமிருந்தது அடுப்பு. அந்த ஆண்டு சுவீடன்காரன் கோபன்ஹேகனை வளைத்துப் போட்டிருந்தான். பால்டிக் கடலுக்குள் போகும் ஜலசந்தியும் அவன் கைக்குப் போனால் எங்கள் தானியக் கப்பல்களுக்கு வழியில்லை என்று தெரிந்ததும், ஹாலந்து வணிகர்களுக்கு டென்மார்க் மீது பாசம் பொங்கியது. பெரும் கப்பற்படையே கிளம்பியது.

வழியெல்லாம் என் பட்டாணி வேகவே இல்லை.

“இதையே பீரங்கில போட்டுச் சுடலாம், இரும்பு மிச்சம்” என்றான் பீரங்கிக்காரன் ஃபோக்கே.

கேப்டன் ஹில்பிரான்ட் சிரிக்கவில்லை. “டேய் லுப்பெர்ட், இன்னொரு வேளை சாப்பாடு வீணாச்சு, அடுத்த துறைமுகத்துல எறக்கி விட்டுருவேன்.”

“அடுத்த துறைமுகம் கோபன்ஹேகனுங்க ஐயா. அங்க தின்ன ஒண்ணுமில்லையாம்.”

“நல்லதாப் போச்சு. உன் சமையலக் கொற சொல்ல அங்க ஆளிருக்காது.”

இந்த வேலையும் போனால் எனக்கு வேறு கதியில்லை. எனவே மறுநாள் விடியும் முன்பே பட்டாணியையும் பன்றிக்கொழுப்பையும் பானையில் ஏற்றினேன். பாதி வெந்திருக்கும்போது போர்முரசு அடித்தது. முரசு அடித்தால் அடுப்பை அணைத்தாக வேண்டும். வெடிமருந்து ஏற்றிய கப்பலில் அதற்கு விலக்கு கிடையாது. அணைத்தேன். முதல் குண்டுச் சத்தத்தில், உப்புப் போட்டேனா என்பது மறந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று போட்டேன். பிறகு என் வைக்கோல் மெத்தையைப் பானையைச் சுற்றிக் கட்டி, சூடு போகாமல் இருக்கவும் கப்பல் ஆடும்போது கவிழாமல் இருக்கவும் மூடிமேல் ஏறி உட்கார்ந்தேன். மேலே மரம் பிளந்தது, ஆட்கள் அலறினார்கள். நான் பட்டாணியை நினைத்து வேண்டிக்கொண்டிருந்தேன். கடவுளுக்கு அன்று வேறு வேலைகள் இருந்திருக்கும்.

எங்கள் படை வழியைத் திறந்துவிட்டது. சுவீடன் கப்பல்கள் விலகிப் போயின. மூடியைத் திறந்தால், பட்டாணி வெண்ணெயாக வெந்திருந்தது! கேப்டன் ஒரு கரண்டி வாயில் வைத்தார். அப்படியே கடலில் துப்பினார்.

“உப்ப ரெண்டு தடவ போட்டியாடா?”

“அப்படித்தான் போலிருக்குங்க.”

“எறங்கு. உன் பானையையும் எடுத்துட்டுப் போ. இனி அதுல எவன் திம்பான்?”

மற்றவர்கள் காயங்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்க, முதல் படகில் என்னையும் பானையையும் ஏற்றிக் கரையில் விட்டார்கள். துறையில் எலும்பும் தோலுமாகக் கூட்டம். ஒருத்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, விரலை விட்டு நக்கினாள். அவள்தான் சீட்செல்.

“ஐயய்யோ, கடலையே காய்ச்சிக் கொண்டாந்திருக்கான்!” என்றாள். உடனே திரும்பிக் கத்தினாள்: “ஏ, தண்ணி கொண்டாங்க! இவன் போட்ட உப்புக்கு ஒரு பானைய மூணு பானை ஆக்கலாம்!”

ஆக்கினார்கள். குடித்தார்கள். யாரோ என் தோளைத் தொட்டு அழுதார்கள். மாவீரர் என்று முதலில் சொன்னது யாரென்று தெரியவில்லை. மறுத்துச் சொல்லுமளவு எனக்கு டேனிஷ் வரவில்லை. வந்தபோது கல்யாணமே முடிந்திருந்தது.

நான் செய்தது இதுதான்: பட்டாணியில் இரண்டு முறை உப்புப் போட்டேன், சண்டை முடியும்வரை பானைமேல் உட்கார்ந்திருந்தேன்.