விசில் வராத படம்

மாலை ஏழு மணி. திரையில் முதலில் தெரிந்தது ஒரு மண் சுவர். அதன்முன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண். எழுத்து ஓடி முடியும்வரை அவள் அசையவில்லை.

எழுபதுகளின் பின்பாதி. நான் விநியோகஸ்தரின் பிரதிநிதி. சினிமாக்காரர்கள் பேச்சில் 'ரெப்'. படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், படம் எப்படிப் போகிறது என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். உத்திரமேரூர்ப் பக்கத்து டூரிங் டாக்கீஸ்தான் எனக்கு முதல் சென்டர். படமோ, பட்டணத்தில் வந்த வேகத்தில் தூக்கப்பட்ட மாந்திரீகப் படம். இங்கேயும் ஓடாவிட்டால் பிரிண்ட் குடோனுக்குப் போய்விடும். மறுபடி வெளியே வராது.

படத்தில், செத்துப்போன மந்திரவாதியின் மனைவியான அந்தப் பெண் விளக்கேற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்காருவாள். நெடுநேரம் எதுவும் நடக்காது. விளக்கு மங்கும்போது, அவள் அசையாமலிருக்க, சுவரில் அவள் நிழல் மட்டும் தலையைத் திருப்பும்.

முதல் நாள் கொஞ்சம் பேர்தான். டாக்கீஸ் முதலாளி கன்னியப்பன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் படம் எட்தாந்துகீற? பாட்டு கீதா, சண்ட கீதா? அந்தம்மா செவுத்தயே பாத்துக்கினு குந்திக்கினு கீது. ஒருத்தன் விசிலடிக்கல."

"பீடி பத்தவைக்கக்கூட ஒருத்தரும் தீக்குச்சி கிழிக்கல, கவனிச்சீங்களா?" என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

இழுவையான படத்தில் வேறு படத்துப் பாட்டைச் சேர்ப்பது அங்கே வழக்கம். மறுநாள் கன்னியப்பன் சொன்னபடி, ஆபரேட்டர் ஏகாம்பரம் சுவர்க் காட்சியை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு கிளப் டான்ஸை ஒட்டினார்.

டான்ஸ் தொடங்கியதும் பெண்கள் பக்கம் ஓர் அம்மாள் எழுந்து நின்றார். முதல் நாளும் வந்தவர்.

"யோவ் ஆபரேட்டரு! நேத்து குந்திக்கினு இருந்தாளே, அவள எங்கய்யா தொரத்திட்ட? மாமியாரு பயப்படட்டும்னு இட்டாந்துகீறேன், நீ இவள ஆடவுட்டுக்கினு கீற!"

"அந்தம்மா சும்மாதானம்மா குந்திக்கினு இருந்திச்சி" என்றார் கன்னியப்பன்.

"சும்மாவா? நீ போயி அப்டி ஒரு நாழி குந்திப் பாரு!"

ஆண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பிறகு அவர்களும், "அதப் போடு, அதப் போடு" என்று கத்தினார்கள். படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள். வெட்டிய துண்டை ஏகாம்பரம் ஃபிலிம் சிமெண்ட் தடவி ஒட்டி முடிக்கும்வரை ஒருவரும் மணலைவிட்டு எழவில்லை.

சத்தத்தை மட்டும் வைத்துக் கூட்டத்தை எடைபோடக் கூடாது. ரெப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

பிரிண்டைத் திருப்பிக் கேட்க வேண்டாம் என்று கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன். மூன்றாம் நாள் சாலவாக்கத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பெண்கள் பக்கம் நிரம்பியது. ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் குட்டைச் சுவரில் சாய்ந்துகொள்ள எப்போதும் போட்டி இருக்கும். அன்று அதில் யாரும் சாயவில்லை.